வரப்போகிறவனுக்கு ஒரு மதர்போர்டு

“ஆராயாம ஒரு பொருள் என் வீட்டு வாசப்படியைத் தாண்டினதில்லை, தாண்டவும் தாண்டாது. ஒரு ஊக்கா இருந்தாலும் சரி. யாரு செஞ்சது, எதுல செஞ்சது, எத்தனை நாள் தாங்கும்னு தெரிஞ்சுக்காம நான் கையால தொட மாட்டேன். எழுதி வச்சுக்கோங்க!”

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் இந்தப் பிரகடனத்தைச் செய்தார். உள்ளே நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். பொத்தான்கள் இருக்கும் தகட்டைக் கழற்றி, உள்ளிருந்த ஒயர்க் கற்றையை ஒரு கையில் பிடித்தபடி பேசியதால் மறுத்துப் பேசும் வீரம் யாருக்கும் வரவில்லை. ஐந்தாவது மாடிப் பல் டாக்டர் மட்டும், “எழுதிக்கிட்டேன். மேல போலாமா?” என்றார்.

“பொறுங்க,” என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் அவர் பெயர் பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் கம்பெனி அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கும் அவர் பொறுங்கண்ணன். லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பதும் எங்கள் கட்டடத்திலேயே, இரண்டாவது மாடியில். லிஃப்ட் நின்றால் உடனே ஆள் கிடைத்துவிடும் என்று முதலில் மகிழ்ந்தோம். ஆள் கிடைத்த பிறகும் லிஃப்ட் நின்றபடியே இருக்கும் என்பது போகப்போகத்தான் புரிந்தது.

தொழிலில் அவரைக் குறை சொல்ல வாயில்லை. கதவில் காதை வைத்து, கண்ணை மூடி, உள்ளே எந்தச் சக்கரம் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். தொழிலில் அவசரப்பட்டவர்களைப் பற்றி அவரிடம் நிறையக் கதைகள் உண்டு. எல்லாம் ஒரே மாதிரி முடிவதால் முடிவை அவர் சொல்வதில்லை; கதையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார். கேட்டவர்கள் அன்றைக்குப் படியில் இறங்கிப் போவார்கள்.

இந்தப் பொறுமையை லிஃப்டோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அவரோ அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைகண்ணிக்கெல்லாம் போனார். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். ஒரு வரவேற்பில் காப்பியோடு கொடுத்த கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார் என்று அவருடைய எதிரிகள் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். நான் பக்கத்தில் இருந்தேன். பாதிதான் கவிழ்த்தார்.

ஒருமுறை குடை வாங்கக் கிளம்பினார். கம்பியின் கனம், துணியின் நெசவு, பிடியின் வளைவு எல்லாவற்றையும் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்து குடையோடு வீடு திரும்பிய அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்காலம் அவருக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. “அடுத்த மழைக்குத்தானே வாங்கறோம்?” என்றார், துளியும் கலங்காமல். அடுத்த மழைக்குள் அந்தக் குடையை அவருடைய சகலை இரவல் வாங்கிக்கொண்டு போய் எங்கோ விட்டுவிட்டு வந்தது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குள்தான் மதர்போர்டு பிரச்சினை காலடி எடுத்து வைத்தது.

அவர் மனைவி வீட்டிலிருந்தே ஆல்பம் வடிவமைப்பவர். ஸ்டுடியோவிலிருந்து வரும் கல்யாணப் படங்களைப் பக்கம் பக்கமாக அடுக்குவார். மூடிய கண்களைத் திறந்து வைப்பார். முறைத்துக்கொண்டு நிற்கும் மாமனாரை இன்னொரு படத்திலிருந்து சிரிப்பை எடுத்து வந்து சிரிக்க வைப்பார். நிஜத்தில் சேர்ந்து நிற்காத சம்பந்திகள் அவர் கைவண்ணத்தில் தோளோடு தோள் நிற்பார்கள். இத்தனை அற்புதங்களையும் அவர் செய்து வந்தது ஒரு கிழட்டுக் கணினியில். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போவார். கடைசி கிளிப்பை மாட்டிவிட்டு வரும்போது அது கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். அதன் மின்விசிறி போடுகிற சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர் ஒருமுறை, “உங்க வீட்ல லாரி ரிவர்ஸ் எடுக்குதா?” என்று விசாரித்தார்.

ஒருநாள் ஸ்டுடியோக்காரர் போனில் சொன்னார்: “மேடம், ஆல்பம் சாஃப்ட்வேர் புது வெர்ஷன் வந்தாச்சு. இனிமே அதுலதான் ஃபைல் அனுப்புவோம். உங்க மெஷின்ல திறக்காதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. எனக்கு உங்க கை வேலை பிடிக்கும், ஆனா வேலை நிக்கக் கூடாது பாருங்க.”

தேன் தடவிச் சொன்னாலும் சேதி ஒன்றுதான். கணினி மாறாவிட்டால் ஆள் மாறும்.

பெரிய செலவொன்றும் தேவையில்லை. திரை, விசைப்பலகை, பெட்டி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கணினிக்குள்ளே மற்ற உறுப்புகளெல்லாம் வந்து உட்காருகிற மதர்போர்டை மாற்றி, அதற்கேற்ற பிராசஸரையும் மெமரியையும் செருகினால் போதும். கடைக்குப் போய் வருகிற வேலை. ஆனால் பொறுங்கண்ணன் ஒரு செய்தியைப் படித்துவிட்டார். கணினியை உள்ளிருந்து நடத்துகிற அந்த ஓ.எஸ்., அதன் அடுத்த அவதாரம் வரப்போகிறதாம். எப்போது வரும் என்று செய்தியில் இல்லை. வந்தால் கணினிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்கும் என்பதும் இல்லை. வரும் என்பது மட்டும் இருந்தது. அவருக்கு அது போதும்.

“இப்ப ஒரு போர்டை வாங்கிப் போடறோம்னு வையி,” என்று மனைவியிடம் விளக்கினார். “நாளைக்கு அவன் வர்றான். வந்து, உன் போர்டுல அந்த செக்யூரிட்டி சிப் பழசு, நான் உள்ள வர மாட்டேன்னு வாசல்லயே நின்னுட்டா?”

“நிக்கட்டுமே. நான் அவனைக் கூப்பிடவே இல்லையே.”

“அப்படிச் சொல்லக் கூடாது. பின்னால வர்றதை யோசிச்சு வாங்கணும்.”

“பொறக்காத பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறீங்க. இருக்கிற பிள்ளை இங்க சட்டை இல்லாம நிக்குது.”

அவர் எல்லா இடத்திலும் அந்த ஓ.எஸ்.ஸை ‘அவன்’ என்றே குறிப்பிடுவார். இதனால் சில சங்கடங்கள் நேர்ந்தன. லிஃப்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “அவன் வரட்டும், வந்தாத் தெரியும் யாரு நிக்கறாங்க யாரு விழறாங்கன்னு” என்று யாரிடமோ அவர் உறுமியதைக் கேட்டு, பல் டாக்டரிடம் வந்த ஒரு நோயாளி பல்லைப் பிடுங்காமலேயே வீடு திரும்பினார்.

எங்களுக்கும் பாடம் நடந்தது. லிஃப்டுக்குள் ஏறியவன் இறங்கும் மாடி வரும்வரை மாணவன். அவருக்கு எப்போதும் ஏதாவது சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். லிஃப்ட் மெதுவாகப் போகும். பாடம் வேகமாகப் போகும். எந்தக் குழிக்குள் எந்தப் பிராசஸர் உட்காரும், எந்தக் கம்பெனி போர்டுக்கு உள்மென்பொருளை ஒழுங்காகப் புதுப்பித்துக் கொடுக்கும், எந்தக் கம்பெனி விற்றதோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதெல்லாம் எங்கள் கட்டடத்தில் பால் போடுகிறவருக்குக்கூட அத்துப்படியாயிற்று. ஆறாவது மாடி வயலின் டீச்சர் லிஃப்டையே கைவிட்டுப் படியேறத் தொடங்கினார். இப்போது முழங்கால் வலி போய்விட்டதென்று அவருக்கு நன்றி சொல்கிறார்.

பொறுங்கண்ணனுக்கும் ஒரு குரு இருந்தார். இணையத்தில் மதர்போர்டு பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தில் அந்த மனிதரைப் பிடித்திருந்தார். ஊர் தெரியாது, பெயர் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனையின் படம். ஆகவே பூனைக்காரர்.

“பூனைக்காரர் என்ன சொல்றாருன்னா, இந்த வருஷம் வர்ற போர்டு எதுவுமே அவனுக்குத் தாங்காதாம்.”

“அந்தப் பூனை வந்து எனக்கு ஆல்பம் போட்டுக் குடுக்குமா?” என்பார் மனைவி.

சகலை வந்துவிட்டால் வேடிக்கை இரட்டிப்பாகும். மனைவியின் தங்கையை மணந்தவர். பொறுங்கண்ணனை நேர் எதிராகத் திருப்பிப் போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் அவர். தலையணை வாங்கப் போன இடத்தில், பக்கத்துக் கடையில் கண்ணில் பட்டது என்று ஒரு லேப்டாப் வாங்கி வந்தவர். தலையணையை மறந்துவிட்டார். லேப்டாப் இன்றுவரை ஓடுகிறது. பொறுங்கண்ணனால் மன்னிக்க முடியாதது அதைத்தான்.

“என்ன சகலை, அவன் வந்துட்டானா?” என்று கேட்டபடியே உள்ளே நுழைவார்.

“நீ சிரி. உன் லேப்டாப் என்ன போர்டுன்னு உனக்குத் தெரியுமா?”

“கறுப்பு.”

“அது வெளிப்பக்கம்யா!”

“நான் வெளிப்பக்கத்துலதானே சகலை இருக்கேன்?”

இந்த மாதிரி நாட்களில் பொறுங்கண்ணன் மொட்டை மாடிக்குப் போய் லிஃப்ட் மோட்டாருக்கு எண்ணெய் போடுவார். போன வாரம்தான் போட்டிருப்பார். மறுபடி போடுவார்.

கடைசியில் ஸ்டுடியோக்காரர் புது வெர்ஷனில் முதல் ஆல்பத்தை அனுப்பியே விட்டார். கிழட்டுக் கணினி அந்த ஃபைலை முகர்ந்து பார்த்துவிட்டு, திறக்க மாட்டேன் என்று சின்னதாக ஒரு கட்டம் காட்டியது. மனைவி கணவரைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தைக் காட்டினார். ஒற்றை விரலால், அவ்வளவுதான். அன்று பொறுங்கண்ணன் பிராசஸர், மெமரியோடு சேர்த்து மதர்போர்டுக்கு ஆர்டர் கொடுத்தார்.

அது வந்து சேர்ந்த நாளை எங்கள் கட்டடம் எளிதில் மறக்காது. அரை நாள் விடுப்பு போட்டிருந்தார். மாலையில் மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார். டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். சகலை கூப்பிடாமலே வந்திருந்தார். பொறுங்கண்ணன் கைகளைக் கழுவி, துடைத்து, அறுவை சிகிச்சை நிபுணர் போல விரல்களை விரித்துக் காய வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கம்பீரமான பலகை. கன்னங்கரேலென்று, விளிம்பில் வெள்ளிக் கோடுகளோடு, பக்கவாட்டில் கோட்டைச் சுவர் மாதிரி உலோகக் கவசம். “அவன் என்ன கேட்டாலும் இதுல இருக்கு,” என்றார். “கேக்காததும் இருக்கு. இன்னும் நாலு தலைமுறை ஓ.எஸ். வந்தாலும் இது அசையாது.”

பழைய கணினிப் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்த பழைய பலகையை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்தார். புதியதை இரண்டு கைகளாலும் ஏந்திப் பெட்டிக்கு அருகே கொண்டுபோனார்.

மனைவிதான் முதலில் பார்த்தார்.

“என்னங்க, அது உள்ள போகாதுங்க.”

“பொறு.”

நேராக வைத்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கால்மாடு தலைமாடாகத் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்கு வெளியே ஒரு சாண் அளவுக்குப் பலகை நீட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பெட்டி. மேஜைக்கு அடியில் காலில் இடிக்காமல் இருக்க வேண்டுமென்று, ஊரிலேயே சிறிய பெட்டி எதுவென்று ஒரு காலத்தில் அவரே ஆராய்ந்து, கண்டுபிடித்து, வாங்கி வந்தது. அந்த ஆராய்ச்சியும் மகத்தான வெற்றி. இந்த ஆராய்ச்சியும் மகத்தான வெற்றி. இரண்டு வெற்றிகளும் ஒன்றுக்குள் ஒன்று போக மறுத்தன.

வரப்போகிறவன் என்னவெல்லாம் கேட்பான் என்று ஒன்று விடாமல் விசாரித்தவர், காலடியில் வருஷக்கணக்காகக் கிடந்த பெட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பொட்டிய வெட்டிரலாமா சகலை?” என்றார் சகலை, மிகுந்த அக்கறையோடு. “இல்ல, போர்டை ரெண்டா மடிச்சு…”

“நீ கிளம்பு.”

“நான் உதவி பண்ணத்தானே…”

“கிளம்புன்னேன்!”

சகலை கிளம்பினார். வெளியே லிஃப்ட் கதவு மூடிய பிறகு அவர் சிரித்த சிரிப்பு மேலே ஐந்தாவது மாடி வரைக்கும் கேட்டது.

“மேஜை மேலேயே வச்சு ஓட்ட முடியாதாங்க? பெட்டி எதுக்கு?” என்றார் மனைவி.

முடியாது. சின்னப் பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளை, இந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையின் பசிக்குக் காணாது. அதன் பிளக்கும் இதில் சேராது. பவர் சப்ளையோடு கூடிய பெரிய பெட்டி ஒன்று வேண்டும். ‘பெட்டி’ என்ற சொல் வாயிலிருந்து வந்த அந்தக் கணமே பொறுங்கண்ணனின் கண்களில் பழைய வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். போனை எடுத்தார். “பெட்டின்னா அதுல நிறைய விஷயம் இருக்கு. காத்து எந்தப் பக்கம் உள்ள வந்து எந்தப் பக்கம் போகுதுங்கறதுதான் முக்கியம். பூனைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை…”

வழக்கமாக இந்த இடத்தில் மனைவியிடமிருந்து பதிலடி வரும். வரவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதோடும் இணைக்காமல் இருண்டு கிடந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கீபோர்டில் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அவரும் போனை எடுத்தார்.

“சார், நான்தான். இல்ல சார், இன்னும் ஆரம்பிக்கலை… மெஷின்ல ஒரு சின்னப் பிரச்சினை. எப்ப சரியாகும்னு சொல்லத் தெரியலை.” போனை மறு காதுக்கு மாற்றினார். “உங்களுக்கு அவசரம்னா வேற யாருக்காவது குடுத்துடுங்க சார். தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

ஸ்டுடியோக்காரரின் குரல் எனக்கே கேட்டது. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நச்சரிக்கறாங்க மேடம். இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, ஆரம்பிச்சிட்டேன்னு ஒரு மெசேஜ் போடுங்க, உங்களுக்கே வச்சிருக்கேன். இல்லைன்னா வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்கே குடுத்துடறேன். இனி வர்றதையும் அவர்கிட்டயே பார்த்துக்கறேன். மனசுல வச்சுக்காதீங்க.”

“சரிங்க சார்,” என்று போனைக் கவிழ்த்து வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் பொறுங்கண்ணனுக்கு எப்படிச் சமாளிப்பதென்று தெரியும், பயிற்சி உண்டு. அந்த அமைதிக்கு அவரிடம் கருவி எதுவும் இல்லை.

பொறுங்கண்ணன் பூனைக்காரருக்கு அனுப்ப அடித்து வைத்திருந்ததைச் சற்று நேரம் பார்த்தார். போனைப் பையில் போட்டார்.

“சார், உங்க கார் கீழதானே நிக்குது?” என்றார் என்னிடம். மனைவியிடம் திரும்பி, “வா,” என்றார்.

புதுப் பலகையை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. அது வரும்வரை நிற்கவில்லை; படியில் இறங்கினார். எனக்குத் தெரிந்து அவர் படியில் இறங்கியது அன்றுதான்.

கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மனைவி காரிலேயே இருந்துகொண்டார். நாங்கள் இருவரும் குனிந்து உள்ளே போனோம். கவுண்டரில் இருந்த பெண் துண்டை விலக்கிப் பலகையைப் பார்த்து, “பெரிய சைஸா? அந்த வரிசையில இருக்கிறது எல்லாமே இதுக்குச் சேரும் சார், பவர் சப்ளையும் உள்ளயே இருக்கு,” என்று கையைக் காட்டினார். சுவரோரமாக ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. கடைக்கார முறைப்படி அவர் ஆரம்பித்தார்: “இதுல மூணு ஃபேன். இதுல பக்கத்துல கண்ணாடி. இது சத்தமே வராது. இது புதுசு, இனிமே வர்ற பெரிய கார்டெல்லாம் தாங்கும். ஒவ்வொண்ணா இறக்கிக் காட்டட்டுமா?”

அந்தக் கடையில் கவிழ்த்துப் பார்க்க நூறு பொருள்களாவது இருந்தன.

பொறுங்கண்ணன் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே, கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். காரின் முன் சீட்டில் மனைவி போனை மடியில் வைத்தபடி நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைக்கு எட்டிய பெட்டியைப் பொறுங்கண்ணன் தூக்கினார்.

“இதுவா சார்? சரி. பில்லுல போடணும், மாடல் பேரு என்ன போட்டிருக்கு? உங்க பக்கம்தான் இருக்கும் பாருங்க.”

அவர் பெட்டியை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பிக் காட்டினார். “நீங்களே பார்த்து எழுதிக்கோங்கம்மா,” என்றார், வெளியே பார்த்தபடியே.